வண்டிக்குத் தண்ணீர் காட்டியவன்

1

கார் வாங்கியாச்சா, என்ன கார் என்று ஊரிலிருந்து போன் பேசுகிற எல்லாரும் கேட்கிறார்கள். வாங்கியாச்சு என்றால் சந்தோஷப்பட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். உசிலம்பட்டியில் இருக்கிற என் மச்சினன் மட்டும்தான் போன ஞாயிற்றுக்கிழமை, "ஓடுதா மச்சான்?" என்று கேட்டான். அவன் பழைய டிராக்டர் வைத்திருக்கிறவன். வண்டி வாங்குவது ஒரு நாள் வேலை, வைத்திருப்பது தினசரி வேலை என்று அவனுக்குத் தெரியும். "ம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு எப்போதுமே வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

கனடாவில் வின்னிபெக் என்கிற இந்த ஊருக்கு வந்து இந்த ஜனவரியோடு ஐந்து வருஷம். நான் எழுமலையில் பத்தாம் வகுப்பு வரை படித்து, மதுரையில் வேன் ஓட்டியவன். என் மனைவி இந்திரா நர்ஸ். வேலை கிடைத்தது அவளுக்குத்தான். திருநகர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் மகள் வினோதினியும் கூட வந்தோம். அப்போது வினோதினிக்குப் பன்னிரண்டு வயது. இப்போது பதினேழு.

நான் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற ஒரு பெரிய லாண்டரியில் வேலை பார்க்கிறேன். மிஷின் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது தோதுப்பட்டது.

மதுரையில் பதினாறு வருஷம் ஓட்டிய லைசென்ஸ் இங்கே செல்லவில்லை. கவுண்டரில் இருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தது போல. பிறகு ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து, படித்துவிட்டு வந்து பரீட்சை எழுது என்றார். இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவைக்கு வினோதினி சமையல்கட்டு மேஜையில் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பாடம் எடுத்தாள். அப்போதிருந்து வீட்டுக்கு வருகிற இங்கிலீஷ் தாள் எதுவானாலும் அவள் கைக்குத்தான் போகும். பேங்க், வரி, கரண்டு பில், எல்லாம். அவள் வாசித்து, எங்களுக்கு வேண்டியதை மட்டும் தமிழில் சொல்வாள். வரவர அந்தத் தமிழும் சுருங்கிக்கொண்டே வந்தது. "ஒண்ணும் இல்லப்பா, சைன் மட்டும் போடுங்க" என்பாள்.

2

நாலு குளிர்காலம் பஸ்ஸில் போன பிறகு போன ஏப்ரலில் வண்டி வாங்கினோம். அது காரும் இல்லை, ஜீப்பும் இல்லை. க்ராஸோவர் என்கிறார்கள். காரைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, பின்பக்கம் சாமான் ஏற்ற மேலே தூக்குகிற கதவு வைத்தது. எட்டு வருஷப் பழசு. ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. பின்சீட்டுக்கு அடியில் பிஸ்கட் தூள் கிடந்தது. அதைப் பார்த்த இந்திரா, "பிள்ளைங்க ஏறி இறங்குன வண்டிங்க. நல்லாத்தான் வச்சிருப்பாக" என்றாள். பிஸ்கட் தூளை நம்பி வண்டி வாங்கியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

முதல் மாதம் பின் சக்கரத்தில் ஊளைச் சத்தம். பேரிங். ஊரில் பேரிங் போனால் பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டு வேறு போடுவார்கள். இங்கே சக்கரத்தின் நடுப்பகுதியையே மொத்தமாக மாற்றுகிறார்கள். பொருளைவிடக் கூலி அதிகம். அடுத்த மாதம் பின்கதவைத் தாங்குகிற கம்பி பலம் இழந்தது. இந்திரா அரிசி மூட்டையை எடுக்கக் குனிந்தபோது கதவு அவள் தலையில் இறங்கியது. அதிலிருந்து அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு துடைப்பக் கட்டை வைத்திருக்கிறோம். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கினால் ஏறாது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று டேஷ்போர்டில் எரிந்தது. ஏன் எரிகிறது என்று கம்ப்யூட்டர் மாட்டிப் பார்ப்பதற்கே தனிக் காசு. புகைக்குழாயில் ஒரு சென்ஸாரை மாற்றினார்கள். மூன்று வாரத்தில் மறுபடி எரிந்தது. அதற்குமேல் அந்த விளக்கை நாங்கள் பார்ப்பதில்லை. குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவதால் சக்கரத்துக்கு மேல் தகரம் அப்பளம் போல உதிர்கிறது. இன்சூரன்ஸ் மாதாமாதம். பனிக்கென்று தனியாக நாலு டயர். அவற்றை வைக்க இடமில்லாமல் கோடை முழுக்க எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தோம். ரப்பர் வாடையில்தான் தூக்கம்.

இதெல்லாம் சில்லறை. பெரியது வாட்டர் பம்ப். எஞ்சினைக் குளிர வைக்கிற திரவத்தைச் சுற்றவிடுகிற பம்ப் அது. லேசாகக் கசிகிறது என்று மே மாதமே மெக்கானிக் காட்டினார். அதை மாற்ற முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். அவர் சொன்ன தொகை இந்திராவின் அரை மாதச் சம்பளம். "இப்போதைக்கு ஓட்டலாம். தினமும் அளவு பார், குறைந்தால் ஊற்று" என்றார். எதை ஊற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ரேடியேட்டரில் எதை ஊற்றுவது என்று ஒரு டிரைவர் கேட்பானா?

3

மதுரையில் நான் ஓட்டியது ஒரு பழைய டீசல் வேன். கீழமாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த சௌராஷ்டிர முதலாளியுடையது. திருமங்கலம், உசிலம்பட்டி, எழுமலை ஒரு நாள். மேலூர், கொட்டாம்பட்டி மறுநாள். சேலைக் கட்டுகளை இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்ப வேண்டும். சித்திரை மாதத்தில் எஞ்சின் சூடு சீட்டு வழியாக ஏறி, இடுப்புக்குக் கீழே வேகும். பத்து மைலுக்கு ஒரு தரம் அந்த வண்டிக்குத் தாகம் எடுக்கும்.

அந்த ரோட்டில் ஓட்டிய எங்கள் எல்லாருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. டீக்கடையில் நிறுத்தினால் முதலில் வண்டிக்குத் தண்ணி காட்ட வேண்டும். பிறகுதான் நமக்கு டீ. மாட்டுக்குச் சொல்கிற அதே பேச்சுத்தான் வண்டிக்கும். மறந்துபோய் கிளாஸைக் கையில் எடுத்தால் டீக்கடைக்காரர் விடமாட்டார். "ஏண்ணே, வாயில்லா ஜீவன் கொதிச்சுப்போய் நிக்கிது. நீங்க பாட்டுக்கு உறிஞ்சுறீக" என்று சத்தம் போடுவார். பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஒரே ஒரு நாள் மறந்தேன். கொட்டாம்பட்டி தாண்டி எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்து மதுரைக்குக் கொண்டுவந்தோம். பட்டறை பாய் திறந்து பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி வந்து, "என்னாச்சு?" என்று கேட்டபோது என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஓஸ் பைப்பு வெடிச்சிருச்சு முதலாளி. மாப்ள என்ன செய்வாரு பாவம்" என்றார். முதலாளி தலையாட்டிவிட்டுச் செலவைக் கொடுத்தார். நான் வாயைத் திறக்காமல் நின்றேன். திறக்காமல் இருந்தால் காரியம் எப்படியோ முடிந்துவிடும் என்று அன்றைக்குத்தான் படித்தேன் போலிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தண்ணி காட்ட மறந்ததில்லை.

4

இந்த ஊரில் எல்லாவற்றையும் எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். குப்பை எந்த நாளில் எந்தப் பெட்டியில், பஸ்ஸில் எந்தக் கதவில் இறங்க வேண்டும், கடையில் "ஹௌ ஆர் யூ" என்று கேட்டால் உடம்பைப் பற்றிச் சொல்லக்கூடாது. பாதியை வினோதினி சொன்னாள். நான் தப்பாகச் செய்தால் முகம் சிவந்து, "அப்பா, ப்ளீஸ்" என்பாள். அந்த இரண்டு வார்த்தை கேட்டால் எனக்கு உள்ளே ஒடுங்கிப்போகும்.

பானட்டைத் திறந்தால் மட்டும் அப்படி இல்லை. அங்கே எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தினமும் காலையில் பிளாஸ்டிக் ஜாடியில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவேன். மூடியைத் திறந்து பார்த்து, குறைந்த அளவுக்கு ஊற்றுவேன். இந்திரா ஜன்னல் வழியாகப் பார்த்து, "ஒங்கப்பா அபிஷேகத்துக்குக் கெளம்பிட்டாரு" என்பாள். வினோதினி சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும். அந்தக் கால்மணி நேரம் எனக்குப் பிடித்த நேரம்.

உள்ளே இருந்த திரவம் முதலில் நல்ல பச்சையாக இருந்தது. ஐப்பசி வாக்கில் வெளுத்துவிட்டது. ஊற்றி ஊற்றிச் சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். குளிர் ஆரம்பித்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீராகப் பிடித்துக்கொண்டு போனேன். வண்டிக்கும் குளிரும் அல்லவா.

5

இங்கே குளிர்காலத்தில் வண்டிக்குக் கரண்டு கொடுக்க வேண்டும். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். முன்பக்கம் ஒரு வயர் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கில் அதைச் செருகிவிட்டால், எஞ்சினுக்குள் ஒரு ஹீட்டர் சூடு கொடுத்துக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி பார்க்கிங்கிலும் அந்த வசதி உண்டு. வீட்டில் பிளக் போடுவது வினோதினியின் பொறுப்பு. நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் ஒழுங்காகச் செய்தாள்.

இங்கே பதினாறு வயதிலேயே லைசென்ஸ் கிடைக்கும், அவளும் எடுத்திருந்தாள். இந்த மாதம் ஒரு நாள் சிநேகிதி வீட்டுக்கு வண்டியை எடுத்துப்போனவள், திரும்பி வந்து இரண்டு கையிலும் புத்தகப் பையோடு இறங்கினாள். பிளக் போட மறந்துவிட்டாள். மறுநாள் காலை மைனஸ் முப்பது. ஏழு மணி டியூட்டிக்குக் கிளம்பிய இந்திரா சாவியைத் திருப்பினாள். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"பிளக் போட்டியாடி?" என்றாள் இந்திரா.

வினோதினி கம்பளிக்குள்ளிருந்து ஓடிவந்து வயரைப் பார்த்தாள். அது தொங்கிக்கொண்டிருந்தது. "ஸாரிம்மா. ஸாரி. மறந்துட்டேன்."

"ஒரு வேலை. இந்த வீட்ல ஒனக்குன்னு ஒரே ஒரு வேலை." இந்திரா டாக்ஸிக்குப் போன் செய்தாள். பனியில் நின்று நான் பானட்டைத் திறந்தேன். திறந்து என்ன செய்வது என்று தெரியாமல் மூடினேன்.

6

வண்டியை இழுத்துப்போன பட்டறை, பம்ப் கசிகிறது என்று மே மாதம் காட்டிய அதே மெக்கானிக்குடையது. அவர் பஞ்சாபிக்காரர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஹிந்தியில் ஆரம்பிப்பார். எனக்கு ஹிந்தி தெரியாது என்று நினைவு வந்ததும் வருத்தமாக இங்கிலீஷுக்கு மாறுவார். மத்தியானம் நான் மட்டும் போனேன். பட்டறைக்குள் இருந்த சூட்டில், எஞ்சினுக்குள் உறைந்திருந்தது உருகிக்கொண்டிருந்தது. சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஓடி வடிகாலில் இறங்கியது. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு கீறல். விரல் நீளம் இருக்கும்.

அவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலை எடுத்து அந்தத் தண்ணீரை உறிஞ்சினார். குழலுக்குள் நாலைந்து கலர் உருண்டைகள் இருந்தன. சரியான திரவமாக இருந்தால் அவை மிதக்க வேண்டுமாம். எல்லாம் அடியிலேயே கிடந்தன. அவர் குழலை என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பானி, பாயி! பானி!" என்றார். தண்ணீர் என்கிறார். ஒன்றிரண்டு ஹிந்தி வார்த்தை எனக்கும் தெரியும்.

பிளக் போடாவிட்டால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான், எஞ்சின் வெடிக்காது என்று கையைக் காட்டி விளக்கினார். அந்தப் பச்சைத் திரவம் உறையாது. தண்ணீர் உறைந்து, விரிந்து, இரும்பைப் பிளந்துவிட்டது. யார் ஊற்றியது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய எஞ்சின் வாங்கிப் போடலாம் என்று சொல்லி, செலவு எழுதிய தாளை அச்சடித்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரச் சொன்னார். அதில் காரணம் என்று இருந்த இடத்தில் "வாட்டர்" என்ற எழுத்துகளை நானே வாசித்துவிட்டேன். இதை எழுதாதீர்கள் என்று கேட்கத் தோன்றியது. அதற்கு எனக்கு இங்கிலீஷ் இல்லை. தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

7

வீட்டில் தொகையை மட்டும் சொன்னேன். இந்திரா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

வினோதினி அவள் அறைக்குள் போய் ஒரு கவரை எடுத்துவந்தாள். மார்ச் மாதம் அவள் பள்ளியின் பிரெஞ்சு வகுப்புப் பிள்ளைகள், பிரெஞ்சு பேசுகிற க்யூபெக் மாநிலத்துக்கு விமானத்தில் போகிறார்கள். பத்து நாள். ஒரு வருஷமாக அதுதான் அவள் பேச்சு. சனிக்கிழமைகளில் டோனட் கடையில் நின்று சம்பாதித்த பணம் அந்தக் கவரில் இருந்தது.

"நான்தானம்மா பிளக் போடலை. இத வச்சுக்கங்க."

"வேணாம்டி" என்று இந்திரா சொல்லவில்லை. சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை. வாங்கி அலமாரியில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, நாளைக்கு என்று நினைத்தேன். ஒன்பது நாள் போனது. வினோதினி காலையில் சீக்கிரம் எழுந்து, அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை பனியில் நடந்தாள். இந்திரா கால் வலி என்று சொன்னால், "ஸாரிம்மா" என்பாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றால், "ஸாரிப்பா" என்பாள். க்யூபெக் பேச்சையே எடுக்கவில்லை. பேர் கொடுக்கக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை வந்து போனது. கோட்டை மாட்டும்போதெல்லாம் அந்தத் தாள் பைக்குள் சரசரக்கும்.

8

ஒன்பதாம் நாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து போன். வழக்கம் போல வினோதினி எடுத்தாள். "அப்பா, எஞ்சின் வந்துருச்சாம். ஏதோ பேப்பர் குடுத்தாராம்ல? சைன் போட்டுக் குடுத்தாத்தான் வேலைய ஆரம்பிப்பாராம். எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். லாண்டரி ஈரத்தில் கசங்கிப்போயிருந்தது. அவள் வாசித்தாள். ஒரு பக்கம்தான். ரொம்ப நேரம் வாசித்தாள்.

"என்னடி போட்டிருக்கு?" என்றாள் இந்திரா.

"குளிர்ல எஞ்சின் வெடிச்சிருச்சுன்னு போட்டிருக்கும்மா. அவ்வளவுதான். சைன் போடுங்கப்பா." பேனாவை நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போட்டிருக்கலாம். பட்டறை பாய் முடித்துவைத்தது போல அது முடிந்திருக்கும்.

"முழுசாச் சொல்லு" என்றேன்.

"விடுங்கப்பா."

"தண்ணின்னு போட்டிருக்குல்ல. அத அம்மாகிட்டச் சொல்லு."

அவள் தாளை மடித்தாள். நான்தான் சொன்னேன். மே மாதத்திலிருந்து ஊற்றியது, கலர் உருண்டை, கீறல், எல்லாம். இவ்வளவு நீளமாக அந்த வீட்டில் நான் பேசியதே இல்லை.

"தெனமும் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். எனக்கும் தோணலையே" என்றாள் இந்திரா. பிறகு நர்ஸ் கேட்பது போல நிதானமாக, "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"இழுத்துட்டுப் போன அன்னைக்கே."

வினோதினி எழுந்தாள். "தண்ணி ஊத்துனது ஒண்ணும் இல்லப்பா. தெரியாம ஊத்துனீங்க. ஒம்போது நாளு, தெனமும் நான் ஸாரி சொன்னேன். நீங்க அதக் கேட்டுக்கிட்டே சோறு தின்னீங்கள்ல." கத்தவில்லை. இவ்வளவு தமிழ் அவள் பேசி நாளாயிற்று. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அந்தக் கவர் என் சாப்பாட்டு டப்பா பக்கத்தில் இருந்தது. "பட்டறைக்காரருக்கு ரெண்டு மூணு தவணையாக் குடுப்போம். நான் கேட்டுக்கிறேன்" என்றாள் இந்திரா. "பள்ளிக்கூடத்துல தேதி முடிஞ்சு போச்சு. இருந்தாலும் போயிக் கேளுங்க. நீங்களே போங்க. அவளக் கூப்புடாதீங்க."

இந்த ஐந்து வருஷத்தில் அந்தப் பள்ளிக்குள் நான் போனதில்லை. எல்லாக் கூட்டத்துக்கும் இந்திராதான். ஆபீசில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்தது. பட்டியல் முடிந்துவிட்டது, இடம் இருக்கிறதா என்று டீச்சரிடம் கேட்டு வாரக் கடைசியில் போன் செய்கிறோம், இதை நிரப்புங்கள் என்று ஒரு தாளைத் தந்தார். நான் தடுமாறுவதைப் பார்த்து, மகளை வகுப்பிலிருந்து வரச் சொல்லட்டுமா, உதவியாக இருக்கும் என்றார்.

"நோ" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

பேர், வகுப்பு, போன் நம்பர் எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் என்று கேட்டு இரண்டு கோடு விட்டிருந்தார்கள். ரொம்ப நேரம் யோசித்தேன். பிறகு, "ஃபாதர் புட் வாட்டர்" என்று முதல் கோட்டில் எழுதினேன். "டாட்டர் நோ மிஸ்டேக்" என்று இரண்டாவது கோட்டில் எழுதினேன். இன்னொன்று பாக்கி இருந்தது. அதற்குக் கோடு இல்லை. தாளைத் திருப்பிப் பிடித்து ஓரத்தில், "ஃபாதர் நாட் டெல்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.